‘மணவாட்டி’ ஆர்? இளையோர் வகுப்புக்கு எப்படிப் படிப்பிக்கிறது?

பதிவு 1 | உவர்மலை_வகுப்பு

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை நகரில கத்தோலிக்க, மெதடிஸ்த, அங்கிலிக்கன் பிள்ளையள் ஒண்டா இருந்து படிக்கிற ஒரு வகுப்புக்கு ‘திருச்சபை, கிறிஸ்துவின் மணவாட்டி’ எண்ட தலைப்பு குடுத்திருக்கினம். வயது 17 தொடக்கம் 22. முப்பது பேர் மட்டில வருவினம். நேரம் ஒன்றரை மணித்தியாலம். பாதிப்பேர் கையில பழைய மொழிபெயர்ப்பு, மற்றப் பாதி பொது மொழிபெயர்ப்பு.

கேட்க நினைக்கிறது நாலு விசயம். எந்த வேதப்பகுதியளை எடுக்கிறது, எதை விடுகிறது? ‘நாங்கள் ஆம்பிளையள், எப்படி மணவாட்டி?’ எண்டு கேட்டால் என்ன பதில்? பத்துக் கன்னிகைகள் உவமையைச் சேர்க்கலாமோ? யூதக் கலியாண முறையைப் பற்றி வீடியோக்களில வாறதுகளைப் பாவிக்கலாமோ?

தெரிஞ்ச ஆக்கள் தயவுசெய்து விபரமா எழுதுங்கோ. பொதுவா ‘அன்பைப் பற்றிச் சொல்லுங்கோ’ எண்டு மட்டும் எழுத வேண்டாம்.

பதிவு 2 | பாலையூற்று_மறையாசிரியர்

தம்பி, முதல் வேலை குறைக்கிறது. திருமண உருவகம் வாற இடமெல்லாத்தையும் அடுக்கினால் ஒன்றரை மணித்தியாலம் வசனம் வாசிக்கிறதிலயே போயிடும். நாலு இடம் போதும்: ஓசியா 2:19-20, 2 கொரிந்தியர் 11:2-3, எபேசியர் 5:25-32, வெளிப்படுத்தின விசேஷம் 19:7-9. கடைசியில் 21:2-ஐயும் 22:17-ஐயும் வாசித்தால் முடிஞ்சுது. பொது மொழிபெயர்ப்பில ஓசேயா, திருவெளிப்பாடு எண்டு பெயர் வேற. பலகையில ரெண்டு பெயரையும் முதலே எழுதிவிடுங்கோ, இல்லாட்டில் பக்கம் தேடுறதிலயே பத்து நிமிசம் போகும்.

எசேக்கியேல் 16-ஐ வகுப்பில வாசிக்க வேண்டாம். பொருள் கனமானது, சொற்கள் இன்னும் கனம். ஆனால் படிப்பிக்கிற நீங்கள் வீட்டில வாசிக்கத்தான் வேணும். 8ஆம் வசனத்தில தன் வஸ்திரத்தை விரித்து மூடுகிறார், 9இல் தண்ணீரால் கழுவுகிறார், 10இல் உடுத்துகிறார். பவுல் எபேசியர் 5:26-இல் ‘தண்ணீர்முழுக்கு’ எண்டு எழுதேக்க இந்த வரிசைதான் பின்னால நிற்குது. ஞானஸ்நானத்தை மட்டும் சொல்லிப்போட்டுப் போனால் கலியாணத்துக்கு முதல் பெண்ணைக் குளிப்பாட்டுற படம் பிள்ளையளுக்குத் தெரியாமலே போயிடும்.

இன்னொண்டு. எல்லாத் திருமணப் பகுதியிலும் சபை மணவாட்டியா வாறதில்லை. மாற்கு 2:19-இல் சீஷர் மணவாளனுடைய தோழர். யோவான் 3:29-இல் யோவான் ஸ்நானகன் தோழன். மத்தேயு 22-இல் ஜனங்கள் விருந்தாளிகள். மத்தேயு 25-இல் எதிர்கொண்டுபோற கன்னிகைகள். வெளிப்படுத்தல் 19-இல் பாருங்கோ, 7ஆம் வசனத்தில மணவாட்டி, 9ஆம் வசனத்தில கலியாண விருந்துக்கு அழைக்கப்பட்டவர்கள். ரெண்டும் ஒரே சனந்தான். ஒவ்வொரு பகுதியும் ஒரு விசயத்தைச் சொல்ல ஒரு வேடத்தை எடுக்குது. எல்லாத்தையும் ஒரே கலியாண வீடாக்கி ‘அப்ப தோழி ஆர், விருந்தாளி ஆர், வெளியில நிக்கிறது ஆர்’ எண்டு பட்டியல் போட வெளிக்கிட்டாத்தான் பிழைக்கும்.

பதிவு 3 | கிரேக்கமும்தமிழும்

மொழி சார்ந்த சில குறிப்புகள். வகுப்பில் இவை நேரடியாகப் பயன்படும்.

‘கிறிஸ்துவின் மணவாட்டி’ என்ற சொற்றொடர் அப்படியே புதிய ஏற்பாட்டில் எங்கும் இல்லை. வெளிப்படுத்தலில் ‘ஆட்டுக்குட்டியானவருடைய மனைவி’ என்று வருகிறது. எபேசியர் 5இல் மணவாட்டி என்ற சொல்லே கிடையாது. கணவன், மனைவி என்றுதான் பவுல் எழுதுகிறார். 2 கொரிந்தியர் 11:2இல் ‘கற்புள்ள கன்னிகை’. இந்த மூன்றையும் சேர்த்து, பழைய ஏற்பாட்டில் இஸ்ரவேலைக் குறித்துத் தீர்க்கர் பேசியதோடு பொருத்தித்தான் திருச்சபை அந்தப் பெயரை வழங்கிவருகிறது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பின்னர் யாராவது ‘அந்தச் சொல் எங்கே இருக்கிறது?’ என்று கேட்கும்போது தடுமாறத் தேவையில்லை.

பழைய மொழிபெயர்ப்பில் ஓசியா 2:19-20இல் ‘உன்னை எனக்கு நியமித்துக்கொள்ளுவேன்’ என்று மூன்று தடவை வருகிறது. 2 கொரிந்தியர் 11:2இலும் ‘நியமித்தபடியால்’ என்றே இருக்கிறது. இன்றைய பிள்ளைகளுக்கு ‘நியமனம்’ என்றால் அரசாங்க உத்தியோகக் கடிதம். இங்கே அதன் பொருள் திருமணத்துக்கு நிச்சயித்தல். எபிரேயத்தில் அந்த வினைக்கு வேறு பொருளே இல்லை. ‘நிச்சயார்த்தம்’ என்று ஒரு தடவை மாற்றிச் சொல்லிப் பாருங்கள், வசனம் உடனே விளங்கும்.

எபேசியர் 5:27இல் ‘கறைதிரை முதலானவைகள் ஒன்றும் இல்லாமல்’. இந்தத் ‘திரை’ மேடைத் திரையும் அல்ல, ஆலயத்தில் கிழிந்த திரைச்சீலையும் அல்ல. ‘நரை திரை’ என்கிறோமே, அந்தத் திரை, முகச் சுருக்கம். கிரேக்கத்திலும் அதே பொருள்தான். கறை வெளியிலிருந்து படிவது, சுருக்கம் உள்ளிருந்து வயதோடு வருவது. மொழிபெயர்த்தவர் மிக நுட்பமாக ஒரே தமிழ்ச் சொல்லில் கொண்டுவந்திருக்கிறார். ‘நமக்கும் தேவனுக்கும் நடுவில் உள்ள திரை’ என்று இதை விளக்குகிறவர்கள் உண்டு. அது பிழை.

அடுத்தது இலக்கணம். கிரேக்கத்தில் ‘எக்லேசியா’ பெண்பாற்சொல். ஆகவே ‘அவளுக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்தார்’ என்று இயல்பாக ஒலிக்கும். தமிழில் சபை அஃறிணை. ‘அதற்காக ஒப்புக்கொடுத்தார்’ என்றுதான் எழுத முடியும். கேட்கிறவர் மனதில் ஒரு கட்டடமோ நிர்வாகக் குழுவோ வந்து நிற்கிறது. 25 முதல் 27 வரை ஒரு தடவை ‘அது’ வரும் இடமெல்லாம் ‘அவள்’ என்று மாற்றி உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

பதிவு 4 | நிலாவெளி_சாட்சி

எல்லாரும் நல்லா எழுதுறீங்கள். ஆனால் ஒரு முக்கியமான விசயம் விடுபடுது. சபையில இருக்கிற எல்லாரும் மணவாட்டி இல்லை. உவமையில பத்துக் கன்னிகைகளில ஐந்து பேர்தானே கலியாணத்துக்கு உள்ளே போனது? சபை வேற, மணவாட்டி வேற. ஆயத்தமான ஒரு சிறு கூட்டந்தான் மணவாட்டி. இதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளையள் நித்திரை கொண்டுவிடுங்கள்.

பதிவு 5 | பாலையூற்று_மறையாசிரியர்

சகோதரம், மத்தேயு 25-ஐத் திறந்து மெதுவா வாசியுங்கோ. மணவாளன் வாறார். கன்னிகைகள் போகினம். எண்ணெய், கதவு, நடுராத்திரிச் சத்தம் எல்லாம் இருக்கு. மணவாட்டி எங்க? பெரும்பாலான பழைய பிரதியளில அந்த உவமையில மணவாட்டி வாறதே இல்லை. ‘பேசா’ (Bezae) எண்ட பழைய கையெழுத்துப் பிரதி, சில லத்தீன் பிரதியள் போன்றவற்றில மட்டும் முதல் வசனத்தில ‘மணவாளனுக்கும் மணவாட்டிக்கும்’ எண்டு கிடக்கு. அதிலும் பத்துப் பேர் வேற, மணவாட்டி வேற. பொது மொழிபெயர்ப்பு ‘மணமகளின் தோழியர்’ எண்டே தெளிவா எழுதிவிட்டுது. ஆகவே ஐந்து பேர் மணவாட்டி, ஐந்து பேர் வெறும் சபை எண்ட கணக்கை இந்த உவமையில இருந்து எடுக்க ஏலாது.

எபேசியர் 5:25-இல் கிறிஸ்து ஆருக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்தார்? சபைக்காக. 27-இல் ஆரை முன்நிறுத்துறார்? அதே சபையை. நடுவில ஆளை மாத்தேல்லை.

பதிவு 6 | கிரேக்கமும்தமிழும்

பதிவு 5ஐ ஒட்டி ஒன்று: பழைய மொழிபெயர்ப்பு அந்த உவமையில் ‘தீவட்டி’ என்கிறது, விளக்கு என்று அல்ல. தீவட்டி பிடித்துக் காத்துநிற்பதில் உள்ள கஷ்டம் தெரிந்தவர்களுக்கு எண்ணெயின் தேவை உடனே புரியும். துணி சுற்றிய பந்தம் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். திரும்ப எண்ணெயில் தோய்க்க வேண்டும். தனிப் பாத்திரத்தில் எண்ணெய் கொண்டுபோனவர்களே கடைசிவரை நின்றார்கள். எண்ணெய் எதைக் குறிக்கிறது என்று உவமை சொல்லவில்லை. 13ஆம் வசனம் சொல்வது ‘விழித்திருங்கள்’ என்பதை மட்டும்.

பதிவு 7 | நிலாவெளி_சாட்சி

மணவாட்டி அந்த உவமையில இல்லை எண்டதை ஒத்துக்கொள்ளுறன், வாசிச்சுப் பார்த்தன். ஆனால் எச்சரிக்கையை எடுத்துப் போடாதேங்கோ. கதவு அடைபட்டது உண்மை. மத்தேயு 22-இல் கலியாண வஸ்திரம் இல்லாதவன் வெளியே போனதும் உண்மை. வெளிப்படுத்தல் 21:27-இல் தீட்டுள்ளது ஒண்டும் நகரத்துக்குள்ள போகாது எண்டு இருக்கு.

பதிவு 8 | பாலையூற்று_மறையாசிரியர்

எடுத்துப் போடேல்லை. பவுலே 2 கொரிந்தியர் 11:3-இல் பயப்படுறார், ஏவாளை ஏமாத்தின மாதிரி உங்களையும் ஏமாத்துவானோ எண்டு. ஆனால் அவர் அந்தப் பயத்தை முழுக் கொரிந்து சபைக்கும் எழுதுறார். சண்டை, வழக்கு, பந்தியில பசி, ஒழுக்கக்கேடு எல்லாம் இருந்த சபை அது. அந்தச் சபையைப் பார்த்துத்தான் ‘உங்களைக் கற்புள்ள கன்னிகையாக’ எண்டு சொல்லுறார். ‘உங்களில் நல்ல பத்துப் பேரை’ எண்டு சொல்லேல்லை. இந்த இடத்தில வகுப்பை ஒரு நிமிசம் சும்மா இருக்கவிடுங்கோ.

பதிவு 9 | மிஷ்னா_வாசகர்

யூதத் திருமண முறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில்தான் வகுப்புகள் அதிகம் வழுக்குகின்றன. உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் தருகிறேன்.

திருமணத்துக்கு இரண்டு கட்டம். முதலாவது எரூசின், அதாவது நிச்சயம். இது நம்முடைய நிச்சயார்த்தத்தைவிட மிகவும் இறுக்கமானது. முறிப்பதற்கு விவாகரத்துக் கடிதம் வேண்டும். மத்தேயு 1ஐப் பாருங்கள்: யோசேப்பும் மரியாளும் இன்னும் கூடிவரவில்லை, ஆனால் 20ஆம் வசனத்தில் தூதன் ‘உன் மனைவியாகிய மரியாள்’ என்கிறான், 19இல் யோசேப்பு அவளை இரகசியமாய்த் தள்ளிவிட யோசிக்கிறான். இரண்டாவது கட்டம் நிசூயின்: மணமகன் வந்து அழைத்துப்போவது, விருந்து, கூடிவாழ்வது. வெளிப்படுத்தல் ஓரிடத்தில் ‘மனைவி’ என்றும் இன்னோரிடத்தில் ‘மணவாட்டி’ என்றும் சொல்வது முரண் அல்ல. நிச்சயமானவள் சட்டப்படி மனைவி, கலியாணம் இனித்தான். சபை நிற்கிற இடமும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு (கெத்துபோத் 5:2) சொல்வது: மணமகன் கேட்ட நாளிலிருந்து, கன்னிப்பெண்ணுக்குத் தன்னை ஆயத்தப்படுத்த 12 மாதம் கொடுக்க வேண்டும், விதவைக்கு 30 நாள். தவணை கடந்தும் கலியாணம் நடக்கவில்லையானால் அவள் சாப்பாட்டுக்கு அவனே பொறுப்பு. திருமண ஒப்பந்தத்தில் கன்னிப்பெண்ணுக்கு 200 சூஸ், விதவைக்கு 100. ஒரு சூஸ் ஏறக்குறைய ஒரு தினாரி, ஒரு கூலியாளின் ஒருநாட் சம்பளம். அந்தப் பணம் கலியாணத்தன்று கையில் கொடுப்பதல்ல, பிரிந்தாலோ அவன் இறந்தாலோ அவளுக்குச் சேர வேண்டியது.

இனி எச்சரிக்கை. ‘மணமகன் நிச்சயம் முடிந்ததும் தகப்பன் வீட்டில் அறை கட்டப் போவான், எப்போது முடிந்தது என்று தகப்பன் மட்டும் சொல்வார், நடுராத்திரியில் எக்காளம் ஊதி வருவான், ஆகவே யோவான் 14, மாற்கு 13:32, 1 தெசலோனிக்கேயர் 4:16 எல்லாம் கலிலேயக் கலியாணமே’ என்று ஒரு விளக்கம் பரவலாக இருக்கிறது. கேட்க அழகாக இருக்கும். ஆனால் நாளை நிர்ணயிப்பது தகப்பன் என்று மிஷ்னா சொல்லவில்லை. மணமகன் கேட்பதிலிருந்துதான் தவணை ஓடுகிறது. மாற்கு 13:32இல் கலியாணப் பேச்சே கிடையாது. தெசலோனிக்கேயரின் எக்காளம் ராஜாவின் வருகைக்கு உரியது. யோவான் 14:2இல் ‘வாசஸ்தலங்கள்’ உண்டு, மணவாட்டி இல்லை. வசனத்தில் இல்லாததை வழக்கத்திலிருந்து நிரப்பி, பிறகு அந்த வழக்கத்தையே வசனத்துக்கு ஆதாரமாகக் காட்டுவது சுற்றிச் சுற்றி வருகிற வாதம். வகுப்பில் இருப்பவர்களில் ஒருவர் நாளைக்குச் சரிபார்த்தால் நீங்கள் சொன்ன நல்லதும் சேர்ந்து அடிபட்டுப் போகும்.

கலியாண வஸ்திரத்தை விருந்து வைத்தவரே எல்லாருக்கும் கொடுப்பார் என்பதும் அப்படியே. மத்தேயு 22 அதைச் சொல்லவில்லை.

பதிவு 10 | அலஸ்தோட்டம்_அக்கா

யூத வழக்கம் சரி. ஆனால் பிள்ளையள் மண்டைக்குள்ள ஓடப்போறது எங்கட கலியாணம். அதைச் சொல்லாமல் விட்டால் அவையள் தாங்களாவே பிழையாப் பொருத்திக்கொள்ளுவினம். மூண்டு இடத்தில கவனம் வேணும்.

முதலாவது சீதனம். எங்கட பக்கம் பெண்வீடு குடுக்கும். மணவாட்டி எண்டதும் ‘அப்ப நாங்கள் ஆண்டவருக்கு என்ன கொண்டுபோறது?’ எண்டுதான் முதல் யோசனை போகும். காணிக்கை, உபவாசம், ஊழியம் எல்லாத்தையும் சீதனக் கணக்கில எழுதத் தொடங்குவினம். வேதத்தில திசை மற்றப்பக்கம். மணமகன் வீடுதான் பரிசம் குடுக்குது. ஓசியா 3:2-இல் பாருங்கோ: பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் குடுத்து அவளைத் திரும்பக் கொள்ளுகிறான். யாத்திராகமம் 21:32-இல ஒரு அடிமையின் விலை 30 சேக்கல். இங்க வெள்ளி அதில பாதி, மிச்சம் தானியத்தில. கையில இருந்த காசு போதாமல் வீட்டில கிடந்த வாற்கோதுமையையும் அளந்து போட்ட மாதிரி இருக்கு. அப்போஸ்தலர் 20:28-இல் அந்த விலை ‘சுயரத்தம்’. பெண்ணிட்ட இருந்து ஒண்டும் வாங்கேல்லை. சீதனப் பேச்சில கலியாணம் தள்ளிப்போன குடும்பங்கள் நிறைஞ்ச ஊரில இதைத் திருத்தமாச் சொல்லவேணும், சத்தமாச் சொல்லவேணும்.

ரெண்டாவது வீடு. கிழக்கில பெண்ணுக்கு வீடுவளவு குடுத்து, மாப்பிள்ளை வந்து குடியேறுறதுதான் வழக்கம். வெளியூர் வேதவிளக்கத்தில ‘பெண் தகப்பன் வீட்டைவிட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போறா’ எண்டு வாசிக்கேக்க இங்கத்தைப் பிள்ளைக்குப் படம் ஒட்டாது. ஆனால் வெளிப்படுத்தல் 21-ஐ வாசியுங்கோ. மணவாட்டியாகிய புதிய எருசலேம் நகரம் இறங்கி வருது. ‘மனுஷர்களிடத்திலே தேவனுடைய வாசஸ்தலம்’ எண்டு சத்தம் கேட்குது. ஆர் ஆரிட்ட வந்து குடியிருக்கிறார்? எங்கட வழக்கம் இந்த இடத்தில நல்லாவே உதவும்.

மூண்டாவது கூறை. இதுதான் எனக்குப் பிடிச்சது. கூறைச்சேலையை எடுக்கிறது மாப்பிள்ளை வீடு. தட்டில வைச்சுக் கொண்டுவந்து, பெரியவை தொட்டு ஆசீர்வதிச்சு, பெண்ணின்ர கையில குடுப்பினம். பெண் உள்ள போய் அதை உடுத்துக்கொண்டு வருவா. வாங்கினது அவ இல்லை. உடுத்தது அவதான். இப்ப வெளிப்படுத்தல் 19-ஐ எடுங்கோ. 7ஆம் வசனம்: ‘தன்னை ஆயத்தம்பண்ணினாள்.’ 8ஆம் வசனம்: மெல்லிய வஸ்திரம் தரித்துக்கொள்ளும்படி ‘அவளுக்கு அளிக்கப்பட்டது.’ கிருபையோ கிரியையோ எண்டு பிள்ளையள் சண்டை பிடிக்கிற இடம் இது. கூறைத்தட்டை மேசையில வைச்சுட்டு ரெண்டு வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கோ.

சேலையை விரிச்சுக் காட்டலாம், ஆனால் தாலியைக் கொண்டுபோக வேண்டாம். தாலியில புறா, சிலுவை எண்டு ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு முறை. கதை அங்க போயிடும்.

பதிவு 11 | கிரேக்கமும்தமிழும்

கூறை ஒப்புமை அருமை. ஒன்றைச் சேர்க்கிறேன். 8ஆம் வசனத்தின் கடைசியில் ‘அந்த மெல்லிய வஸ்திரம் பரிசுத்தவான்களுடைய நீதிகளே’ என்று பன்மையில் இருக்கிறது. தமிழில் ‘நீதிகள்’ காதுக்குக் கொஞ்சம் புதிதாகவே கேட்கும். ஆனால் கிரேக்கத்திலும் பன்மைதான். ஒரே பெண், ஒரே சேலை, நெய்யப்பட்ட இழைகளோ பலருடைய நீதியான செயல்கள். ஒருவரின் இழை இன்னொருவரின் இழையோடு ஊடும் பாவுமாக ஓடுகிறது. தனி ஆளுக்குத் தனி உடை என்று அந்த வசனம் சொல்லவில்லை.

பதிவு 12 | திருக்கடலூர்_வாசகன்

‘ஆம்பிளையள் எப்படி மணவாட்டி?’ எண்ட கேள்விக்கு வாறன். தமிழ் படிச்ச பிள்ளைக்கு இந்தப் படம் புதுசில்லை. நாயக நாயகி பாவம் எண்டு பக்தி இலக்கியத்தில படிச்சிருப்பினம். ஆண் அடியாரும் தன்னை நாயகியா வைச்சுப் பாடுவார். அதனால கூச்சம் இருக்காது. ஆனால் ஆபத்தும் அங்கதான் இருக்கு. அந்த மரபில ஓர் ஆன்மா, ஓர் இறைவன். வேதத்தில மணவாட்டி ஒரு சனம். ஓசியாவில இஸ்ரவேல், பவுலில சபை, வெளிப்படுத்தலில ஒரு நகரம். ஓர் ஆம்பிளையையோ பொம்பிளையையோ பார்த்து ‘நீ மணவாட்டி’ எண்டு வேதம் சொன்ன இடமில்லை.

திருச்சபை வரலாற்றில தனி ஆன்மாவை மணவாட்டியா வாசிச்சவை உண்டு. மூண்டாம் நூற்றாண்டு வேத அறிஞர் ஒரிகன், வேதத்தில இருக்கிற காதற்பாட்டு நூலான உன்னதப்பாட்டுக்கு எழுதின விளக்கத்தில சபையும் ஆன்மாவும் ரெண்டும் வரும். கிளேர்வோ பெர்நார்து எண்ட துறவி 1135-இல் தொடங்கி 1153-இல் இறக்கும்வரை உன்னதப்பாட்டில 86 பிரசங்கம் செய்தார், மூண்டாம் அதிகாரத்தின்ர தொடக்கத்தைத்தான் எட்டினார். அவரே சொல்லுறார், தன் ஆன்மாவைத் தனியா மணவாட்டி எண்டு அழைக்க ஒருவருக்கும் துணிவு வராது, சபைக்கு அந்தப் பெயர் உரியது, நாங்கள் அதின் அங்கங்களா இருக்கிறதால பங்கு கிடைக்குது எண்டு. இந்த வரிசை முக்கியம். சபை முதல், ஆன்மா பிறகு. ‘இயேசு என் காதலன்’ எண்ட மாதிரிப் பாட்டுகளில வரிசை தலைகீழாப் போயிடுது. ஒரு பையனுக்குக் கூச்சம் வாறதும் அங்கதான், ஒரு பிள்ளை பக்கத்தில இருக்கிறவையை மறக்கிறதும் அங்கதான்.

பதிவு 13 | உவர்மலை_வகுப்பு

மெத்தப் பெரிய உதவி. கத்தோலிக்கப் பிள்ளையளும் புரட்டஸ்தாந்துப் பிள்ளையளும் ஒண்டா இருக்கிறபடியால், எங்க வித்தியாசம் வரும் எண்டும் சொல்லுங்கோ.

பதிவு 14 | பாலையூற்று_மறையாசிரியர்

வித்தியாசம் குறைவு, ஆனால் இருக்கு. எபேசியர் 5:32-இல் ‘இந்த இரகசியம் பெரியது’. லத்தீன் மொழிபெயர்ப்பில அது ‘சாக்ரமெந்தும்’ எண்டு வந்தது. திருமணம் ஓர் அருட்சாதனம் எண்ட கத்தோலிக்கப் போதனை இந்த வசனத்தோட பிணைஞ்சிருக்கு. புரட்டஸ்தாந்தர் திருமணத்தை அருட்சாதனமா எண்ணுறதில்லை, ஆனால் வசனத்தின் பொருளில ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகும்: கிறிஸ்துவும் சபையுந்தான் மூலப்படம், கணவன் மனைவி அதின் சாயல். ஆயருக்குத் திருநிலைப்பாட்டில மோதிரம் போடேக்க, கடவுளின் மணமகளாகிய திருச்சபையைக் காக்கும் பிரமாணிக்கத்தின் அடையாளம் எண்டு சொல்லித்தான் போடுவினம். அர்ப்பணிக்கப்பட்ட கன்னியருக்கான சடங்கு 1970-இல் புதுப்பிக்கப்பட்டது. அதுவும் இந்தப் படந்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட கொள்கைத்திரட்டில, திருச்சபை தூயது, அதேவேளை எப்பவும் தூய்மைப்படுத்தப்பட வேண்டியது எண்டு சொல்லியிருக்கு. ‘கறைதிரை இல்லாத’ எண்டதை ‘எங்கட சபையில பிழையே இல்லை’ எண்டு வாசிக்கிறவைக்கு இது நல்ல பதில்.

மற்றப்பக்கம் புரட்டஸ்தாந்துச் சீர்திருத்தத்தைத் தொடக்கின லூத்தர் 1520-இல் கிறிஸ்தவனின் சுதந்திரத்தைப் பற்றி எழுதினதில விசுவாசத்தை மணமோதிரம் எண்டு சொல்லுறார். கலியாணத்தில ரெண்டு பேரின்ர உடைமையும் ஒண்டாகுது: அவளுடைய கடனும் பாவமும் மணவாளனுக்கு, அவருடைய நீதியும் உயிரும் அவளுக்கு. அலஸ்தோட்டம் அக்கா சொன்ன சீதனக் கதையோட இதை வைச்சுப் பாருங்கோ. பெண் கொண்டுவந்தது கடன் மட்டும்.

சிலுவையில விலாவில இருந்து இரத்தமும் தண்ணியும் வந்ததை (யோவான் 19:34) ஆதாமின் விலாவில ஏவாள் உண்டானதோட பொருத்தி, நித்திரையான இரண்டாம் ஆதாமின் விலாவில இருந்து திருச்சபை பிறந்தாள் எண்டு அகுஸ்தீன், கிறிசோஸ்தம் எண்ட பழைய திருச்சபைத் தந்தையரின்ர காலத்தில இருந்தே படிப்பிக்கினம். இதுக்கு ரெண்டு பக்கமும் ஆமென் சொல்லும்.

பதிவு 15 | அலஸ்தோட்டம்_அக்கா

எபேசியர் 5 படிப்பிக்கிற ஆளுக்கு ஒரு கட்டாய எச்சரிக்கை. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியவேணும் எண்ட 22ஆம் வசனத்தை மட்டும் வெட்டி எடுத்து வீட்டில கைநீட்டுறதுக்குப் பாவிக்கிற ஆம்பிளையள் இருக்கினம். அந்த முப்பது பேரில ஒருத்தி அப்பிடியான வீட்டில இருந்து வரலாம். 21-இல இருந்து வாசியுங்கோ: ‘ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்.’ மிகப் பழைய பிரதியள் சிலதில 22-இல் ‘கீழ்ப்படி’ எண்ட வினையே இல்லை, 21-இல் இருந்துதான் அது தொடருது. மனைவிக்கு மூண்டு வசனம், கணவனுக்கு அதைவிட ரெண்டு மடங்குக்கு மேல. கணவனுக்குக் குடுத்த அளவுகோல் தன்னை ஒப்புக்கொடுத்தவர். அடிச்சவரில்லை, அடிவாங்கினவர்.

அடுத்தது, சபை மணவாட்டி எண்டால் போதகரோ பாதரோ மணவாளனில்லை. ‘எனக்குக் கீழ்ப்படியாதவள் மணவாட்டி இல்லை’ எண்டு ஊழியக்காரர் பேசுற இடத்தில இந்த உருவகம் விஷமாப் போகும். ஊழியனுக்கு வேதம் குடுத்த இடம் யோவான் 3:29. மாப்பிள்ளைத் தோழன். பக்கத்தில நிண்டு, மணவாளனுடைய சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டு, அடுத்த வசனத்தில ‘நான் சிறுகவும் வேண்டும்’ எண்டு சொல்லி ஒதுங்குறவன். பெண்ணின்ர கையைப் பிடிக்கிற தோழனை எந்த ஊரிலயும் கலியாண வீட்டில விடமாட்டினம்.

பதிவு 16 | நிலாவெளி_சாட்சி

கடைசிப் பந்திக்கு ஆமென், அக்கா.

ஒரு கேள்வி. இஸ்ரவேல் மணவாட்டியா இருந்து தள்ளப்பட்டு, இப்ப சபை அந்த இடத்துக்கு வந்தது எண்டு சொல்லலாமோ?

பதிவு 17 | மிஷ்னா_வாசகர்

சொல்ல வேண்டாம். எரேமியா 3:8இல் தள்ளுதற்சீட்டு (விவாகரத்துக் கடிதம்) உண்டு, உண்மை. அதே அதிகாரத்தில் 14ஆம் வசனம் ‘திரும்புங்கள், நான் உங்கள் நாயகர்’ என்கிறது. ஓசியா முழுவதும் திரும்ப அழைப்பதுதான். ரோமர் 11 ‘தேவன் தம்முடைய ஜனங்களைத் தள்ளிவிட்டாரோ?’ என்று கேட்டு இல்லை என்கிறது. வெளிப்படுத்தல் 21இல் மணவாட்டியாகிய நகரத்தின் 12 வாசல்களில் 12 கோத்திரங்களின் பெயர், 12 அஸ்திபாரங்களில் 12 அப்போஸ்தலரின் பெயர். இரண்டும் ஒரே நகரத்தில். கோத்திரங்களின் பெயரை அழித்தால் உள்ளே போக வாசல் இராது.

பதிவு 18 | உவர்மலை_வகுப்பு

இப்பிடிப் பிரிச்சிருக்கிறன், பார்த்துச் சொல்லுங்கோ. முதல் 10 நிமிசம்: ‘மணவாட்டி எண்டதும் முதல்ல என்ன நினைவுக்கு வருது?’ எண்டு துண்டில எழுதி வாங்குறது. பிறகு 20 நிமிசம் ஓசியாவும் 2 கொரிந்தியரும், நிச்சயம் எண்ட கருத்து. 25 நிமிசம் எபேசியர், ‘அவள்’ எண்டு மாத்தி வாசிக்கிறது, கறைதிரை. 20 நிமிசம் வெளிப்படுத்தல், கூறைத்தட்டு. 15 நிமிசம் கேள்வி. நகரத்தின்ர அளவையும் சொல்லவோ?

பதிவு 19 | கிரேக்கமும்தமிழும்

சொல்லுங்கள், இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 12,000 ஸ்தாதி; ஒரு ஸ்தாதி ஏறக்குறைய 185 மீற்றர். அப்படியானால் ஒரு பக்கம் 2,200 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். இலங்கையின் நீளம் ஏறக்குறைய 435 கிலோமீற்றர், அதைப்போல ஐந்து மடங்கு. நீளமும் அகலமும் உயரமும் சமம் என்கிறது 21:16. வேதத்தில் கன சதுரமான இன்னோர் இடம் சாலொமோன் கட்டிய மகா பரிசுத்த ஸ்தலம்: 20 முழ நீளம், 20 முழ அகலம், 20 முழ உயரம் (1 இராஜாக்கள் 6:20). வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு ஆள் நுழைந்த அறை. மணவாட்டி முழுவதும் அந்த அறையாக இருக்கிறாள். கணக்கைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் அது வெறும் எண்.

துண்டை முதலில் வாங்குவது நல்லது. ஆனால் அங்கேயே வாசித்துத் திருத்த வேண்டாம். எபேசியர் முடிந்தபின் திரும்பக் கொடுத்து, அவர்களே மாற்றி எழுதட்டும்.

பதிவு 20 | திருக்கடலூர்_வாசகன்

வெளிப்படுத்தலுக்கு 20 நிமிசம் காணாது. எபேசியரில ஐந்தைக் குறையுங்கோ. 22:17-க்கு இடம் வேணும். அந்தப் புத்தகம் முழுக்க மணவாட்டி வாய் திறக்கிறது ஒரே ஒரு தரம். சொல்லுறதும் ஒரே ஒரு சொல்: ‘வா.’ அதையும் தனியாச் சொல்லேல்லை, ஆவியோட சேர்ந்து சொல்லுறா. பிறகு ‘கேட்கிறவனும் வா என்பானாக’, பிறகு ‘தாகமாயிருக்கிறவன் வரக்கடவன்’. முதல் ‘வா’ மணவாளனைப் பார்த்து. அடுத்தது வெளியில தாகத்தோட நிக்கிற ஆளைப் பார்த்து.

வாசிக்கேக்க ஒரு ஆள் ‘ஆவியும் மணவாட்டியும்’ எண்டு சொல்ல, முப்பது பேரும் சேர்ந்து ‘வா’ எண்டு சொல்லட்டும். ரெண்டு மொழிபெயர்ப்பிலும் வசனம் வேற மாதிரி வந்தாலும் குழப்பமிராது, அந்த ஒரு சொல்லைத்தானே எல்லாரும் சொல்லப்போகினம்.

பதிவு 21 | உவர்மலை_வகுப்பு

எபேசியர் 20, வெளிப்படுத்தல் 25 எண்டு மாத்தியாச்சு. கூறைச்சேலை ஒண்டு கடன் கேட்டிருக்கிறன். தட்டுக்கு வெத்திலை பாக்கும் வைக்கவோ, சேலை மட்டும் போதுமோ?

பதிவு 22 | அலஸ்தோட்டம்_அக்கா

சேலை மட்டும் போதும் தம்பி. மடிப்புக் கலையாமல் கொண்டுவாங்கோ, 8ஆம் வசனம் வாசிக்கேக்க விரிக்கலாம்.